ஐஸ் கம்பெனிச் சுவரோரம் ஒரு குறிஞ்சி

லியோனார்ட் எனக்குத் தர வேண்டியிருந்தது நூற்று எண்பத்தேழு ரூபாய் இருபத்தைந்து காசு. இதில் நூற்று எண்பத்தேழு அவன் கேட்டு வாங்கியது. இருபத்தைந்து காசு நானாக ஏற்றியது. அந்த நாலணாவுக்காக அவன் என்னோடு போட்ட சண்டையில் கால்வாசி மிச்சத் தொகைக்காக வருத்தப்பட்டிருந்தால், நான் இதை எழுத வேண்டியே வந்திருக்காது.

கணக்கை ஐஸ் கம்பெனியின் பின்பக்கச் சுவரில் கரியால் எழுதி வைத்திருந்தேன். நாற்பது வயதை நெருங்கும்போது யூனியன் ஆபீஸ் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் எழுத்துப் படித்தவன் நான். நோட்டில் எழுதினால் என் பெண்சாதி கன்னியம்மா அதைக் கிழித்து மீன் மடித்துக் கொடுத்துவிடுவாள். சுவரைக் கிழிக்க முடியாதல்லவா?

கம்பெனி ராயபுரத்தில், மீன் இறங்குகிற துறைக்குப் பின்னால் இருந்தது. நான் அங்கே பார் சுமக்கிறவன். ஒரு ஐஸ் பார் நன்றாக வளர்ந்த ஆட்டுக்கிடா எடை இருக்கும். தோளில் கோணியைப் போட்டு அதன்மேல் பாரை ஏற்றிக்கொண்டு ஓட வேண்டும். நின்றால் தோள் மரத்துப்போகும். நடந்தால் மேஸ்திரி வாய் திறப்பான். லியோனார்ட் அம்மோனியா மிஷின் ஓட்டுகிறவன். அவன் உட்கார்ந்து சம்பளம் வாங்கினான், நான் குனிந்து வாங்கினேன். பீடி மட்டும் இரண்டு பேருக்கும் என்னுடையது.

மிஷின் ரூமுக்கு வெளியே, வெயில் படாத பக்கத்தில், ஒரு குழாய் சுவரை ஒட்டிப் போகும். அதன்மேல் எந்நேரமும் வெள்ளையாக உறைபனி பிடித்திருக்கும். அது உருகிச் சில்லென்று சொட்டிக்கொண்டே இருக்கும். அந்தச் சொட்டுக்குக் கீழே, பாதியாக வெட்டிய தார் பீப்பாயில், தொரசாணி இருந்தாள்.

தொரசாணி என்பது ஒரு செடி. வெள்ளைக்காரச் சீமாட்டி மாதிரி குளிர் இல்லாவிட்டால் முகம் வாடிவிடும் என்பதால் நாங்கள் வைத்த பேர் அது. அசல் பேர் குறிஞ்சி. லியோனார்டின் பெண்சாதி ஐரீன் கொடைக்கானல்காரி. ஐம்பத்தொன்பதில் கல்யாணம் முடிந்து ராயபுரம் வந்தபோது, ஒரு பவுடர் டப்பாவில் அதன் விதையைக் கொண்டுவந்தாள். அதற்கு முந்தின வருஷம்தான் அவள் மலை முழுக்க நீலமாகப் பூத்து ஓய்ந்ததாம். இனிப் பன்னிரண்டு வருஷம் கழித்துத்தான் பூக்குமாம். டப்பா விதையில் பத்துப் பன்னிரண்டு முளைத்தன. எல்லாம் ராயபுரத்து வெயிலில் கருகிப்போய், குழாய்க்குக் கீழே வைத்த ஒன்று மட்டும் பிழைத்தது.

இடுப்பு உயரம் வளர்ந்து, சொரசொரவென்று இலையை வைத்துக்கொண்டு, வருஷக்கணக்காக ஒரு வேலையும் செய்யாமல் நின்றது. நானும் அதே சுவரோரம்தான் அத்தனை வருஷமும் பார் சுமந்தேன். என் தலைமேல் ஒரு சொட்டுக் குளிர்ந்த தண்ணீர் விழுந்தால் மேஸ்திரி தள்ளி நிற்கச் சொல்வான்.

ஐரீன் அறுபத்தேழில் போய்விட்டாள். அடி உதை இல்லை, வேறு பெண் இல்லை. லியோனார்ட் வீட்டுக்கு வந்தால் மிஷினைப் பற்றித்தான் பேசுவான். பிஸ்டன் இப்படி, வால்வு அப்படி. சாப்பாட்டுத் தட்டில் குழம்பால் படம் போட்டுக் காட்டுவான். உடம்பு முழுக்க அம்மோனியா வாடை. வெளியே போனால் மீன் வாடை. எட்டு வருஷம் பொறுத்தவள் ஒரு நாள் டிரங்குப் பெட்டியோடு கம்பெனி வாசலுக்கே வந்தாள்.

"நான் எங்க அண்ணன் வால்டர் வீட்டுக்குப் போறேன். பின்னாடியே வராதீங்க."

"எப்ப வருவே?" என்றான் லியோனார்ட்.

அவள் மூக்கை முந்தானையால் மூடிக்கொண்டு செடியைக் காட்டினாள். "இந்த நாத்தத்துல அது என்னைக்குப் பூக்குதோ அன்னைக்கு வர்றேன்."

அது வசவு என்று அங்கே நின்ற எல்லோருக்கும் புரிந்தது. லியோனார்டுக்கு மட்டும் அது சத்தியமாகக் கேட்டது. அன்றிலிருந்து தினமும் காலையில் செடியிடம் போய்க் குட்மார்னிங் சொல்லிவிட்டுத்தான் மிஷினைத் தொடுவான்.

அறுபத்தெட்டு டிசம்பரில் அவனால் பொறுக்க முடியவில்லை. நேரில் போய்க் கூப்பிடலாம் என்று என்னிடம் பணம் கேட்டான். என்னிடம் ஏது பணம்? கன்னியம்மாவிடம் இருந்தது. கூடை தூக்கி விற்றவள், துறையில் சொந்தமாக ஏலம் எடுப்பதற்காக நாலு வருஷம் சேர்த்த முதல் அது. ஒரு மாசத்தில் திரும்பி வரும் என்று அவளிடம் சொல்லி எடுத்துக்கொடுத்தவன் நான். லியோனார்ட் போனான். ஆறாம் நாள் தனியாக வந்தான். உடம்பில் கம்பளி ஸ்வெட்டர், தலையில் குரங்குக் குல்லா.

"இன்னா நைனா, பொண்டாட்டி எங்க?" என்றேன்.

"வர்ல. மச்சான் கரண்டிய எட்துகினு தொரத்தறான். ஓட்டல்ல சமையக்காரன் இல்லியா, கையில எப்பவும் கரண்டி கீது."

"துட்டு எங்க?"

லியோனார்ட் குல்லாவைத் தொட்டுக் காட்டினான். "ரயிலு, பஸ்ஸு. அவளுக்கு ஒரு பொடவ. அத்த ஜன்னல் வழியா வாங்கிகினு கதவ சாத்திட்டா. மிச்சம் இதான். அங்க இன்னா குளுரு தெர்மா தேசப்பா? ஸ்வெட்டரு இல்லாங்காட்டி பொணமாத்தான் வந்துருப்பேன்."

"நாள் பூரா ஐஸ் கம்பெனில குந்திகினு கீற. ஒனுக்குக் குளுரா?"

"இது மிஷின் குளுரு மாமு. அது ஆண்டவர் குளுரு. அத்த வால்வு மூடி நிறுத்த முடியாதே."

ஐரீனுக்கு அவள் அம்மா வழியில் வந்த பணம் போஸ்ட் ஆபீஸ் பாஸ்புக்கில் இருக்கிறது, அவள் வந்தால் முதல் வேலையாக என் கடன்தான் என்று மாதா மேல் ஆணையிட்டான். அவன் சம்பளத்தில் வாங்கலாம் என்றால், அதைத் தேதி ஒன்றிலேயே சூதாட்டக் கிளப்காரன் வாசலில் நின்று வாங்கிக்கொண்டு போய்விடுவான். ஆக, என் பணம் வர வேண்டும் என்றால் ஐரீன் வர வேண்டும். ஐரீன் வர வேண்டும் என்றால் தொரசாணி பூக்க வேண்டும். என் பெண்சாதியின் முதல் ஒரு தார் பீப்பாயில் வேர் விட்டு நின்றது.

கன்னியம்மா கடனுக்கு மீன் எடுத்து விற்றாள். விற்றதில் பாதி கமிஷனுக்குப் போயிற்று. சோறு போடும்போதெல்லாம் ஒரே கேள்வி. "யோவ், செடி பூத்துச்சா?" இல்லை என்றால் குழம்பில் மீன் இருக்காது.

எழுபதாம் வருஷம் ஆடி முடிகிற நேரம். நான் பார் இறக்கிவிட்டு முகம் கழுவப் போனேன். லியோனார்ட் செடி முன்னால் முழங்கால் போட்டு உட்கார்ந்திருந்தான். முகத்தில் ஞானஸ்நானம் வாங்கினவன் மாதிரி ஒரு வெளிச்சம்.

"தேசப்பா, மொட்டு!"

பார்த்தேன். கிளை நுனிகளில் பச்சையாகக் குஞ்சம் குஞ்சமாக ஏதோ இருந்தது. கேழ்வரகுக் கதிரில் கால்வாசி. இதற்காகவா பன்னிரண்டு வருஷம் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் நூற்று எண்பத்தேழு ரூபாய் மொட்டு விட்டிருக்கும்போது குறை சொல்லக் கூடாது.

மீன் பெட்டி அனுப்புகிற கமாலுதீன் அப்போது ஐஸ் எடுக்க வந்திருந்தார். வாரம் ஒரு பெட்டி வஞ்சிரம் கொடைக்கானலுக்கு ரயிலில் அனுப்புகிறவர். அது போய்ச் சேர்கிற இடம் வால்டர் சமைக்கிற அதே ஓட்டல்தான். விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தாடியைச் சொறிந்தார்.

"இன்னா லியோனாரு, இத்துக்கு இவ்ளோ பேஜாரா? இப்ப மலை பூரா பூத்துக் கீதாம். ஓட்டல்காரன் கடுதாசி போட்டுருக்கான். ஒரு நட போய் அங்கியே நாலு பூ கிள்ளிகினு, 'இது ராயபுரத்துப் பூ'ன்னு அவ கைல குடு. யாருக்கு தெரியப் போவுது?"

"அவளுக்குத் தெரியும் பாய்," என்றான் லியோனார்ட். "மலைல பொறந்தவ. அதுவுமில்லாம, பன்னண்டு வருசம் நின்ன செடிய வெச்சிகினு நான் டூப்பு உடணுமா?"

"ரோசத்தப் பாரு," என்றார் கமாலுதீன். "கடன வாங்கி கொரங்கு குல்லா வாங்கினவன்."

மொட்டு விட்ட பத்தாம் நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை, மிஷின் நின்றது. பேரிங் போய்விட்டது. குழாய் மேல் பனி கரைந்து, சொட்டு நின்றது. திங்கட்கிழமை லியோனார்ட் பேரிங் வாங்கப் பாரிஸ் கடைத்தெருவுக்குப் போனான். ஒரு கடையில் இல்லையென்றால் இன்னொரு கடை, அங்கேயும் இல்லையென்றால் மறுநாள்; பேரிங் இல்லாமல் கம்பெனிப் பக்கம் வரக் கூடாது என்று உத்தரவு. போகும்போது என் தோளைப் பிடித்து உலுக்கினான்.

"தொரசாணிய பாத்துக்க மாமு. அவ வாடக் கூடாது. ஒன் துட்டும் அதுல கீது."

மத்தியானம் பன்னிரண்டு மணிக்குத் தொரசாணி தலையைத் தொங்கப் போட்டாள். ஒரு மணிக்கு இலையெல்லாம் துவண்டு, பார் சுமந்த என் தோள் மாதிரி ஆகிவிட்டது. குளிர் வேண்டும், அவ்வளவுதானே? கிடங்கில் பழைய பார் இருந்தது. ஒன்றைத் தூக்கிவந்து உடைத்துப் பீப்பாய் முழுக்க வேரைச் சுற்றி அடைத்தேன். கொஞ்ச நேரத்தில் பாதி கரைந்தது.

எங்கள் துறையில் பிறந்த எவனையும் கேளுங்கள். வெறும் ஐஸில் குளிர் நிற்காது. பொடித்த ஐஸில் கல்லுப்பைக் கலந்தால்தான் அது கடிக்கும். சுறாவானாலும் வஞ்சிரமானாலும் மூன்று நாள் கண் வெளுக்காமல் இருப்பது உப்பால்தான். என் அப்பன் செய்தது, நான் செய்வது. கம்பெனி உப்பு குமாஸ்தாவின் பூட்டுக்குள் இருந்தது. தெருவில் போன உப்பு வண்டியை நிறுத்தி நாலணாவுக்கு வாங்கினேன். அதை லியோனார்ட் கணக்கில் சுவரில் ஏற்றினேன். பிறகு ஐஸையும் உப்பையும் நன்றாகக் கலந்து, ஒரு கூடை சங்கரா மீனுக்குச் செய்கிற மரியாதையோடு, தொரசாணியின் வேரைச் சுற்றி அமுக்கினேன். பீப்பாய்க்கு வெளியே வியர்த்தது. எனக்குத் திருப்தியாக இருந்தது. செவ்வாய்க்கிழமையும் அதையே செய்தேன்.

புதன்கிழமை லியோனார்ட் பேரிங்கோடு வந்தான். கீழ் இலையெல்லாம் ஓரம் கருகி, பொரித்த கருவாடு மாதிரி சுருண்டிருந்தது. பீப்பாய் மண்ணைக் கிள்ளி நாக்கில் வைத்தான்.

"டேய், உப்பு!"

"பின்ன? உப்பு இல்லாம எப்டி குளுரு நிக்கும்?"

"அது இன்னா வவ்வாலு மீனாடா, கஸ்மாலம்! செடிடா!"

"செடின்னு எனுக்குத் தெரியாதா? குளுரு வோணும்னு நீதான் சொன்னே."

பேரிங்கை என் தலையில் போட ஓங்கினான். அது புதுசு, கம்பெனிச் சொத்து என்று ஞாபகம் வந்து இறக்கினான். பிறகு சுவரைப் பார்த்தான். "இன்னாடா அது, புச்சா நாலணா?"

"உப்புக் காசு."

அப்போது அவன் பேசியதை எழுதினால் எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்த வாத்தியார் சங்கடப்படுவார். அன்று முழுக்க நல்ல தண்ணீர் ஊற்றி ஊற்றி உப்பை வெளியேற்றப் பார்த்தான். இலை இன்னும் கருகியது.

வியாழக்கிழமை காலை கன்னியம்மாதான் முதலில் பார்த்தாள். எனக்குப் பழைய சோறு கொண்டுவந்தவள் தூக்குப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுக் கத்தினாள்.

"யோவ்! இங்க வந்து பாரு! பூத்துட்ச்சி!"

ஓடிப் போனோம். முக்கால் செடி செத்திருந்தது. சுவரோரம் இருந்த ஒரே ஒரு கிளையில், மணி மணியாக, ஊதா கலந்த நீலத்தில், ஏழோ எட்டோ பூ. கடலில் மழைக்கு முன்னால் தூரத்தில் ஒரு நிறம் வருமே, அது. லியோனார்ட், மலையிலிருந்து வந்ததிலிருந்து தலையைவிட்டு இறக்காத குல்லாவைக் கழற்றினான். கன்னியம்மா அவனை ஒரு நிமிஷம்கூட அழ விடவில்லை.

"அழுவறத அப்பால வெச்சிக்க லியோனாரு. சாயங்காலத்துக்குள்ள இதுவும் வாடிடும். இன்னிக்கி கெழமை இன்னா? பாயோட பொட்டி மலைக்குப் போற கெழமை. வெட்டு!"

"வெட்டவா?"

"ஐரீனு வந்து பாக்கறதுக்குள்ள இது குப்பைக்குப் போய்டும். இத்த அங்க அனுப்பு. என் மொதலு ரெண்டு வருசமா இதுல குந்திகினு கீது."

லியோனார்டின் கை கத்தியைப் பிடிக்கவில்லை. கன்னியம்மாவே மீன் அறுக்கிற கத்தியால் கிளையைச் சீவினாள். வாழை இலையில் சுற்றி, ஒரு பிஸ்கோத்து டின்னில் வைத்தாள். பொடி ஐஸை அள்ளி மேலே போட்டாள். நாங்கள் இரண்டு பேரும் டின்னில் ஒட்ட ஒரு தாளில் விலாசம் எழுதுவதில் மும்முரமாக இருந்தோம். மூடி போட்டதை மட்டும் பார்த்தோம். கமாலுதீன் அதை வஞ்சிரத்துக்கு நடுவில் வைத்து ஆணி அடித்தார்.

பெட்டி போன பிறகுதான் லியோனார்டுக்கு ஏதோ தோன்றியது. "அக்கா, வெறும் ஐஸ்தானே போட்டே?"

கன்னியம்மா அவனை முட்டாளைப் பார்ப்பது மாதிரி பார்த்தாள். "வெறும் ஐஸு கொடைக்கானல் வரிக்கும் தாங்குமா? ஒரு பிடி உப்பு போட்டுத்தான்."

லியோனார்ட் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

அடுத்த ஒரு வாரத்தில் தொரசாணி குச்சியாகிவிட்டாள். லியோனார்ட் குட்மார்னிங் சொல்வதை நிறுத்தவில்லை. குச்சிக்குச் சொன்னான். நான் சுவரைப் பார்க்கும்போதெல்லாம் கரி எழுத்து என்னைப் பார்த்துச் சிரித்தது. கன்னியம்மா கேள்வியை மாற்றிக்கொண்டாள். "அவ வந்தாளா?" குழம்பில் மீன் மட்டும் வரவில்லை.

மறு வியாழக்கிழமை நான் பாரோடு ஓடி வரும்போது, வாசலில் அதே டிரங்குப் பெட்டி இருந்தது. பக்கத்தில் ஐரீன். மூக்கை மூடவில்லை.

நான் பாரைப் போட்டுவிட்டேன். அது நொறுங்கியது. மேஸ்திரி கத்தினான். யாரும் அவனைக் கவனிக்கவில்லை.

மிஷின் ரூமிலிருந்து லியோனார்ட் குல்லாவோடு வந்து நின்றான். ஐரீன் அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"அன்னைக்கு ஜன்னல்கிட்ட நின்னு கடன் வாங்கி வந்திருக்கேன்னீங்களே, அது இதை வாங்கத்தானா?"

"குளுரா இருந்துச்சி," என்றான்.

"அண்ணன் பெட்டியத் திறந்தா மீனுக்கு நடுவுல பூ," என்றாள் ஐரீன். அவள் அவனிடம் பேசவில்லை, எங்கள் எல்லோருக்கும் பொதுவாகப் பேசினாள். "எங்க வீட்டு ஜன்னலத் திறந்தா மலை பூரா அதே பூதான். இவரு நேர்ல வந்து ஒரு கொத்து நீட்டியிருந்தா அங்கேயே பறிச்சதுன்னு மூஞ்சியில வீசியிருப்பேன். இதை மோந்து பார்த்தேன். வஞ்சிர வாடை. சரி, மீன் பெட்டியில வந்தா அடிக்கத்தானே செய்யும், அண்ணன்தான் ஏதோ விளையாடுதுன்னு நினைச்சேன். அப்புறம் ஒரு இலையக் கடிச்சேன். நரம்பு வரைக்கும் உப்பு. மேல தெளிச்ச உப்பு இல்ல, வேர் குடிச்ச உப்பு. எங்க மலையில ஒரு செடியும் உப்புக் கரிக்காது. இப்படி ஒரு கொடுமை இந்த ஊர்லதான் நடக்கும்."

பழைய சோறு கொண்டுவந்திருந்த கன்னியம்மா என் பின்னால் நகர்ந்து நின்றுகொண்டாள்.

"வர்றேன்னு சொன்னேன், வந்துட்டேன்," என்றாள் ஐரீன். "ஆனா தட்டுல பிஸ்டன் படம் போட்டா அடுத்த ரயில் எனக்குத் தெரியும்."

"போட மாட்டேன்," என்றான் லியோனார்ட். உடனே, "பேரிங் புச்சா மாத்திருக்கேன், இன்னா சவுண்டு தெரியுமா..." என்று ஆரம்பித்து, அவள் பார்வையைப் பார்த்து நிறுத்தினான்.

அவள் நேராகப் பின்பக்கம் போனாள். குச்சியாக நின்ற தொரசாணியைத் தொட்டாள். ஒன்று ஒடிந்து கையோடு வந்தது.

"பூத்தா இது செத்துரும்," என்றாள். "மலையிலயும் அப்படித்தான். ஒரு தடவைதான் பூக்கும், அதோட சரி. ஆனா விதை விட்டுட்டுச் சாகும்." பீப்பாயைக் குனிந்து பார்த்தாள். மண் மேல் வெள்ளையாக உப்புப் பூத்துக் காய்ந்திருந்தது. "இதை விதை விடக்கூட விடல."

பிறகு நிமிர்ந்தபோது சுவர் அவள் கண்ணில் பட்டது. என் கையெழுத்து கோணல்தான், ஆனாலும் படிக்க முடியும். படித்தாள். ரவிக்கைக்குள்ளிருந்து சுருக்குப் பையை எடுத்து, நோட்டுகளை எண்ணினாள். நான் கை நீட்டுவதற்குள் கன்னியம்மாவின் கை என் தோளுக்கு மேலே நீண்டு அதை வாங்கிக்கொண்டது. எச்சில் தொட்டு இரண்டு தடவை எண்ணியது.

"நூத்தி எம்பத்தேழு," என்றாள் கன்னியம்மா. "மேல நாலணா?"

"அது என்ன நாலணா?" என்றாள் ஐரீன். "மத்ததெல்லாம் பழைய கரி. இது புதுக் கரியா இருக்கு."

லியோனார்ட் என்னைப் பார்த்துச் சிரித்தான். ரெண்டு வருஷத்தில் அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. "சொல்லுடா தேசப்பா. அது இன்னா காசுன்னு சொல்லு."

நான் அந்தப் பீப்பாயைப் பார்த்தேன். அவள் கையில் இருந்த குச்சியைப் பார்த்தேன். உள்ளங்கையில் துப்பி, சுவரில் இருந்ததை முழுக்கத் தேய்த்து அழித்துவிட்டு, அடுத்த பாருக்குப் போனேன்.

அன்று குழம்பில் மீன் இருந்தது. உப்புதான் இல்லை.